ஆடுகளத்துக் கூலி

சென்ற தவணையின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது. பாடசாலை மைதானத்தின் ஓரத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கியவாறே அருகில் வந்தான். "சேர், அமெரிக்காவில படிக்கிற பொடியன்மாருக்கு விளையாடுறதுக்கே கோடிக்கணக்கில காசு குடுக்கிறாங்களாம். உண்மையா?" என்று கேட்டான். உண்மைதான் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப காசுள்ள பள்ளிக்கூடந்தானே சேர் எந்த நாளும் வெல்லும்?" என்றான்.

இம்மாணவனின் தந்தை சாகாமத்து வயல்வெளிகளில் நாட்கூலிக்குச் செல்பவர். கூலி என்பது என்னவென்று அவனுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் அவனுடைய இரண்டாவது கேள்விக்கு அன்று நான் சரியான விடையளிக்கவில்லை. மணி அடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விடையைத் தேடிச் சென்றபோது ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைப் புரட்ட நேர்ந்தது. ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் இருக்கின்ற இம்மாசிகையின் வாசகர்களுக்கு அவ்வரலாறு பயன்படும் என்பதனால் இங்கே எழுதுகின்றேன்.

*

'அமெச்சூர்' என்னும் சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். ஊதியம் கருதாது, விளையாட்டின்மீது கொண்ட அன்பு ஒன்றினாலேயே ஆடுபவன் என்பது அதன் பொருள் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான பொருள்தான். ஆனால் அச்சொல் பிறந்த இடத்துக்குச் சென்று பார்த்தால் அங்கே அன்பைக் காட்டிலும் வர்க்கபேதமே பெரிதாகத் தெரிகின்றது.

இங்கிலாந்தில் 1866ஆம் ஆண்டு அமெச்சூர் தடகளக் கழகம் தோன்றியபோதும், 1879ஆம் ஆண்டு ஹென்லி படகுப் போட்டியின் நிர்வாகிகள் விதி வகுத்தபோதும், பணப்பரிசு பெற்றவனை விலக்கியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கூலிக்குக் கைவேலை செய்பவன், கம்மியன், தொழிலாளி ஆகியோரும் அமெச்சூர் ஆகமாட்டார்கள் என்று எழுதிவைத்தார்கள். அம்மனிதன் படகு வலித்து ஒரு காசும் பெற்றிருக்க வேண்டியதில்லை. அவன் தன் கைகளினால் உழைத்துப் பிழைக்கிறான் என்பதே குற்றமாகப் போதுமானதாயிற்று. ஓய்வுநேரமும் பரம்பரைச் சொத்தும் உடையவன் மட்டுமே கூலியின்றி விளையாட முடியும். ஆகவே கூலியின்றி விளையாடுவதையே ஒழுக்கமாக்கிவிட்டால், உழைப்பாளியைப் போட்டியிலிருந்து நாகரிகமாக வெளியேற்றிவிடலாம் அன்றோ?

1920ஆம் ஆண்டு அமெரிக்கப் படகோட்டி ஜோன் கெலி ஹென்லிக்கு விண்ணப்பித்தார். அவர் இளமையில் செங்கல் கட்டும் தொழில் செய்தவர். அவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டமைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்தது. அதே ஆண்டு அன்ட்வேர்ப் ஒலிம்பிக் போட்டியில், ஹென்லியில் வென்று வந்த ஆங்கிலேயரான ஜக் பெரஸ்ஃபோர்டை அவர் தோற்கடித்துத் தங்கப்பதக்கம் பெற்றார். 1936ஆம் ஆண்டு பொலிஸ்காரர்களைக் கொண்ட அவுஸ்திரேலிய அணியொன்றையும் ஹென்லி ஏற்க மறுத்தது. அதனால் எழுந்த கண்டனத்தின் பின்னர், 1937இலேதான் உழைப்பாளிகளை விலக்கும் விதி அங்கு நீக்கப்பட்டது. கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 'கனவான்கள்' என்றும் 'ஆட்டக்காரர்கள்' என்றும் இரு சாதிகள் இருந்தன. ஒரே அணியில் ஆடியபோதும் உடைமாற்றும் அறை வேறு, களத்துக்கு வரும் வாயில் வேறு, பெயரை அச்சிடும் முறைகூட வேறு. 1963ஆம் ஆண்டுப் பருவம் முதலே அப்பேதம் ஒழிந்தது.

இந்த விழுமியத்தைத்தான் ஆங்கிலப் பாடசாலைகளின் வழியாக நம் நாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையே 1879ஆம் ஆண்டு தொடங்கிய கிரிக்கெட் தொடரும், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய 'வடக்கின் பெரும் போரும்' அந்தக் காலத்தின் பேறுகள். அவற்றில் ஆடியவர்களின் திறமையையும் பண்பையும் நாம் குறைத்துப் பேசவில்லை. அத்திறமையை வளர்க்கும் மைதானமும் ஓய்வும் யாருக்குக் கிடைத்தன என்பதையே கேட்கின்றோம்.

அந்த யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலிருந்து வந்தவர்தான் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பெரியவிளான் கிராமத்தில் பிறந்த அவர் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்னிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தார். 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப்பதக்கத்தை ஈட்டித்தந்தார். அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்று அதன் தடகள அணியிலும் இடம்பெற்றவர். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அக்காலத்து ஒலிம்பிக் விதிகளின்படி, ஒரு சப்பாத்துக் கடையின் சுவரொட்டிக்குத் தன் முகத்தைக் கொடுத்து நூறு ரூபாய் வாங்கியிருந்தால்கூட அவர் களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பார்.

எதிர்வீரசிங்கம் பயின்ற அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தே, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், இந்த விதிகளின் அடித்தளத்தை அசைத்த வழக்கு புறப்பட்டது. அதனைச் சொல்வதற்குமுன் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பிறப்பைச் சொல்லவேண்டும்.

*

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதலாவது போட்டி 1852ஆம் ஆண்டு ஹாவர்ட், யேல் மாணவர்கள் வின்னிபெசோக்கி ஏரியில் நடத்திய படகுப் போட்டி என்பர். அதன் செலவை ஏற்றது ஒரு ரயில்வே நிறுவனம். ஏரிக்கரைக்குப் பயணிகளை இழுப்பதே அதன் நோக்கம். ஆக, கல்லூரி விளையாட்டு பிறந்த நாளிலேயே வியாபாரியின் கை தொட்டிலை ஆட்டியது. 'முன்னர் தூய்மையாக இருந்த விளையாட்டை இன்று பணம் வந்து கெடுத்துவிட்டது' என்று புலம்புவோர் இந்தத் தொட்டிலை ஒருமுறை பார்ப்பது நன்று.

அடுத்து எழுந்தது அமெரிக்க உதைபந்தாட்டம். பெயர்தான் உதைபந்தாட்டம். பந்தைக் கையில் ஏந்தி, மோதி முன்னேறும் ஆட்டம் அது. 1905ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் பத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் அதில் உயிரிழந்தனர். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளை அழைத்துப் பேசினார். 1906இல் ஒரு சங்கம் அமைந்தது. 1910 முதல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்று பெயர் பெற்றது. மாணவன் விளையாட்டுக்காக எவ்விதக் கொடுப்பனவும் பெறலாகாது என்பது அதன் ஆரம்பக் கொள்கை.

இக்கொள்கை யாருடைய கழுத்தில் முதலில் விழுந்தது? கார்லைல் நகரில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட பாடசாலையின் மாணவன் ஜிம் தோர்ப் 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப்பதக்கங்களை வென்றார். அதற்கு முன்னர் கோடைவிடுமுறைகளில் சிறு தொகை வாங்கிக்கொண்டு பேஸ்போல் ஆடினார் என்று 1913இல் அப்பதக்கங்களைப் பறித்தார்கள். 1953இல் அவர் மறைந்தார். 1983இல் அவருடைய பிள்ளைகளிடம் பதக்கங்கள் சேர்ந்தன. 2022இலேதான் அவ்விரு போட்டிகளினதும் தனி வெற்றியாளர் அவரே என்று ஒலிம்பிக் குழு முழுமையாக ஏற்றுக்கொண்டது. நீதி வந்துசேர நூற்றுப்பத்து ஆண்டுகள்!

இதற்கிடையே கல்லூரிகள் என்ன செய்துகொண்டிருந்தன? 1929ஆம் ஆண்டு கார்னகி நிறுவனம் 112 கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, அவற்றுட் பெரும்பாலானவை ஏதோவொரு வடிவத்தில் ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணமோ வேலையோ கொடுத்து ஆள்சேர்த்தன என்று காட்டியது. மேடையில் ஒழுக்கம், திரைக்குப் பின்னால் பேரம். 1956இல் இந்த இரட்டை வாழ்வுக்கு ஓர் ஏற்பாடு கண்டார்கள். விளையாட்டுத் திறமைக்காகவே புலமைப்பரிசில் வழங்கலாம் என்று சங்கம் விதித்தது. படிப்புக் கட்டணம், உறைவிடம், உணவு ஆகியவை கிடைக்கும். அதற்குமேல் எதுவும் கேட்கக்கூடாது.

அப்போதுதான் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வோல்டர் பையர்ஸ் 'மாணவ விளையாட்டு வீரன்' என்ற தொடரைப் பரப்பினார். அது அழகுக்காகச் செய்த சொல்லாக்கமன்று. 1955ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் ரே டெனிசன் என்ற மாணவர் உதைபந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் நட்டஈடு கேட்டு வழக்காடினார். அவர் தொழிலாளி என்று தீர்ப்பாகிவிட்டால் நாடெங்கும் கல்லூரிகள் நட்டஈடு கொடுக்க வேண்டிவரும். 1957இல் அம்மாநில உயர் நீதிமன்றம், கல்லூரி உதைபந்தாட்ட வியாபாரம் செய்யவில்லை, ஆகவே அவர் ஊழியருமல்லர் என்று தீர்த்தது. விதவைக்குச் சல்லிக்காசும் கிடைக்கவில்லை. 1951 முதல் 1988 வரை அப்பதவியில் இருந்த அதே பையர்ஸ், ஓய்வுபெற்ற பின்னர் 1995இல் எழுதிய நூலில், தாம் கட்டிக்காத்த முறையையே பெருந்தோட்ட மனப்பான்மையின் புதிய வடிவம் என்று கண்டித்தார். பெருந்தோட்டம் என்றால் என்ன என்பதை இந்நாட்டு வாசகருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

*

நம் கீழைக்கரையில் போடியார்மார் காலத்து வயற்செய்கையை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் இருக்கிறார்கள். போடியார் நிலத்துக்கு உடையவர். முல்லைக்காரன் அதிற் பாடுபடுபவன். விதைநெல்லும் உணவும் போடியார் வீட்டிலிருந்து வரும். கணக்கும் போடியார் வீட்டிலேயே இருக்கும். 'அவன் நம்முடைய வீட்டுப் பிள்ளை' என்று சொல்லப்பட்டவன், சூடடித்து நெல் அளக்கும் நாளில் தன் பங்கைப்பற்றிக் கேட்டால் அது நன்றிகேடு. 'மாணவ விளையாட்டு வீரன்' என்பதும் அத்தகைய ஒரு பாசமொழி. பாசம் இருந்திருக்கலாம். கணக்கு மட்டும் அவனுக்குக் காட்டப்படவில்லை.

அந்தக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 1984இல் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம், தொலைக்காட்சி ஒளிபரப்பைச் சங்கம் ஒருங்கே கட்டுப்படுத்துவது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அன்றுமுதல் பெரிய கல்லூரிகளும் அவற்றின் கூட்டணிகளும் தாமே ஒளிபரப்பு உரிமையை விற்கலாயின. சங்கம் நடத்தும் ஆண்கள் கூடைப்பந்தாட்டத் தொடருக்கு மட்டும், 2025 முதல் 2032 வரையிலான எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி டொலர் என்று 2016இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. புகழ்பெற்ற உதைபந்தாட்டப் பயிற்றுநர்களின் ஆண்டுச் சம்பளம் ஒரு கோடி டொலரைத் தாண்டியது. பல மாநிலங்களில் அரச சம்பளம் பெறுவோருள் முதலிடம் ஆளுநருக்குமன்று, மருத்துவ நிபுணருக்குமன்று, பல்கலைக்கழகப் பயிற்றுநருக்கே. அரங்கைக் கட்டியவனுக்குக் கூலி உண்டு. அரங்கில் குளிர்பானம் விற்றவனுக்குக் கூலி உண்டு. களத்தில் முழங்கால் முறிந்தவனுக்கு மாத்திரம் 'கல்வி' உண்டு. அந்தக் கல்வியும் பயிற்சி நேரம் விட்டுவைத்த கல்வி.

இந்நிலையிலேதான் எட் ஓபானன் நீதிமன்றம் சென்றார். அவர் 1995இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்ட அணி தேசிய வெற்றிக்கிண்ணம் பெறக் காரணமாயிருந்தவர். பல ஆண்டுகளுக்குப் பின்னர் நண்பரொருவரின் வீட்டில் சிறுவன் ஆடிய கணினி விளையாட்டில் தம் உருவத்தையே கண்டார். அதே உயரம், அதே நிறம், அதே சட்டை இலக்கம். விற்றவர்கள் காசு பார்த்தார்கள். உருவத்துக்கு உரியவர் அதைப்பற்றிக் கேள்விப்படவுமில்லை. 2009இல் வழக்கு. 2014இல் நீதிபதி குளோடியா வில்கன் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். ஊதியத் தடையே கல்லூரிகளுக்கிடையில் சமநிலையைக் காக்கின்றது என்ற சங்கத்தின் வாதத்தை அவர் ஏற்கவில்லை.

பின்னர் அணை ஒவ்வொரு கல்லாகச் சரிந்தது. 2019இல் கலிபோர்னியா மாநிலம், மாணவ வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து ஊதியம் பெறுவதைக் கல்லூரிகள் தடுக்கலாகாது என்று சட்டமியற்றியது. 2021 ஜூன் 21இல் அதியுயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், ஓல்ஸ்டன் வழக்கில், கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் விதித்த எல்லையைச் செல்லாதெனத் தீர்த்தனர். அதற்குப் பத்து நாட்களின் பின்னர், ஜூலை 1ஆம் திகதி, விளம்பர ஊதியத்துக்கான தடை நாடெங்கும் நீங்கிற்று. 2025 ஜூன் 6இல் அதே வில்கன் ஏற்றுக்கொண்ட இணக்கத்தீர்வின்படி, முன்னைய வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டொலர் வழங்கப்பட வேண்டும். இனிமேல் ஒவ்வொரு கல்லூரியும் நேரடியாகவே தன் வருமானத்திலிருந்து வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். 2025–26ஆம் ஆண்டுக்கு அதன் உச்சவரம்பு கல்லூரியொன்றுக்கு 2 கோடியே 5 இலட்சம் டொலர். வெளியார் தரும் விளம்பர ஊதியம் அந்த வரம்புக்குள் அடங்காது. 600 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் மெய்யான விளம்பரந்தானா என்று பரிசீலிக்க ஓர் ஏற்பாடும் செய்யப்பட்டது.

*

இப்பொழுது என் மாணவனின் கேள்விக்கு வருவோம். காசுள்ள கல்லூரிதானே வெல்லும்?

ஊதியத்தை எதிர்ப்போர் இதையே தம் தலையாய வாதமாகக் கொள்கிறார்கள். ஆனால் ஊதியம் இல்லாத காலத்தில் யார் வென்றார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. 2009 முதல் 2020 வரையிலான பன்னிரண்டு பருவங்களில் உதைபந்தாட்டத் தேசிய வெற்றியை அலபாமா பல்கலைக்கழகம் ஒன்றே ஆறு தடவை பெற்றது. வீரனுக்குக் காசாகக் கொடுக்க முடியாத பணம் வேறு வழிகளிற் பாய்ந்தது. பளிங்கு உடைமாற்றும் அறைகளாயிற்று. பயிற்சி மண்டபங்களாயிற்று. பயிற்றுநரின் சம்பளமாயிற்று. அவற்றைக் காட்டி இளைஞரை ஈர்த்தவர்கள் அதே பெரிய கல்லூரிகள்தாம். 2024இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம் உட்படப் பல கல்லூரிகள், ஒரு நூற்றாண்டுப் பழமை கொண்ட பசிபிக் கரைக் கூட்டணியை உதறிவிட்டு, ஒளிபரப்புப் பணத்தை நாடி வேறு கூட்டணிகளுக்குச் சென்றன. அந்தக் கூட்டணியில் இரண்டே கல்லூரிகள் எஞ்சின. அதைச் செய்தது மாணவனின் கூலியன்று. ஏற்றத்தாழ்வை ஊதியம் பிறப்பிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வின்மீது கிடந்த போர்வையை அது விலக்கியது.

இவ்வாறு சொல்லிவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியுமானால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வரலாறு அப்படி இலகுவாக முடிவதில்லை. விளம்பர ஊதியம் வந்த வழியும் வடிவமும் புதிய சீர்கேடுகளைக் கொண்டுவந்துள்ளன என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெருங்கல்லூரிகளின் செல்வந்தப் பழைய மாணவர்கள் பணத்தைத் திரட்டி நிதிக்கூட்டுகளை அமைத்தார்கள். பெயரளவில் அது விளம்பரக் கூலி. உண்மையில் ஆள்சேர்க்கும் பணம். 2021இல் ஒரு தடவையும், 2024 முதல் எத்தனை தடவையும், ஆண்டு இழப்பின்றிக் கல்லூரி மாறி ஆடலாம் என்று விதி தளர்ந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோது என்ன நடந்தது? சிறிய கல்லூரியொன்று ஓர் இளைஞனை இரண்டாண்டுகள் பொறுமையோடு பயிற்றுகின்றது. அவன் ஒளிவிடத் தொடங்கியதும் பெரிய கல்லூரி விலைபேசி அழைத்துக்கொள்கின்றது. பென்சில்வேனியாவிலுள்ள புனித பிரான்சிஸ் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தேசியக் கூடைப்பந்தாட்டத் தொடரில் ஆடியது. ஆடி ஒரு வாரத்தில், முதலாம் பிரிவைவிட்டு, விளையாட்டுப் புலமைப்பரிசில் இல்லாத மூன்றாம் பிரிவுக்கு இறங்கப்போவதாக அறிவித்தது. பிள்ளைக்கு நீதி கிடைத்த அதே காலத்தில் சின்னப் பள்ளி போட்டியிலிருந்து விலகியது. இரண்டும் உண்மை.

கல்லூரிக்குள்ளேயும் பிளவு உண்டு. விளம்பரக் கூலி உழைப்பை அளந்து கொடுக்கப்படுவதன்று. முகத்துக்குச் சந்தையில் என்ன பெறுமதி என்று பார்த்துக் கொடுக்கப்படுவது. பந்தை எறியும் நாயகனுக்கு இலட்சங்கள். அவனைக் காக்கத் தன் தோளைக் கொடுத்து மோதும் ஐவருக்குச் சில்லறை. ஓடுவோர், நீந்துவோர், உயரம் பாய்வோர் போன்று வருமானம் ஈட்டாத விளையாட்டினருக்கு அதுவுமில்லை. பங்கீடு தொடங்கியபின் சில கல்லூரிகள் அத்தகைய சிறு விளையாட்டுகளையே நிறுத்தத் தலைப்பட்டுள்ளன. எதிர்வீரசிங்கத்தின் உயரம் பாய்தலும் அந்தப் பட்டியலைச் சேர்ந்த விளையாட்டுத்தான்.

இதற்கு மறுபுறமும் உண்டு. பெண்களின் விளையாட்டை எவரும் பார்க்கமாட்டார்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஐயோவா பல்கலைக்கழக வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் மாணவியாக இருந்தபோதே பெரிய நிறுவனங்களோடு விளம்பர ஒப்பந்தம் செய்தார். அவர் ஆடிய 2024ஆம் ஆண்டுப் பெண்கள் இறுதிப்போட்டியை அமெரிக்காவில் ஆண்கள் இறுதிப்போட்டியைக் காட்டிலும் அதிகமானோர் தொலைக்காட்சியிற் பார்த்தனர். பழைய விதி தொடர்ந்திருந்தால் அந்த மாணவியின் உழைப்பிலிருந்து அவரைத் தவிர மற்றெல்லோரும் சம்பாதித்திருப்பார்கள். ஆயினும் 2025ஆம் ஆண்டு இணக்கத்தீர்வின் நட்டஈட்டுத் தொகையில் பெரும்பங்கு ஆண்களின் உதைபந்தாட்டத்துக்கும் கூடைப்பந்தாட்டத்துக்குமே செல்கின்றது என்று பெண் வீராங்கனைகள் மேன்முறையீடு செய்தனர்.

மற்றொரு கூட்டத்தாரை எவரும் நினைப்பதேயில்லை. மாணவர் விசாவில் அமெரிக்கா செல்லும் வெளிநாட்டவர் அங்கே வெளிவேலை செய்து ஊதியம் பெறுவதைக் குடிவரவுச் சட்டம் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகின்றது. ஆகவே விளம்பர ஊதியத்தின் கதவு அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடக்கின்றது. இன்று பெரியவிளானிலிருந்தோ ஆலையடிவேம்பிலிருந்தோ ஒரு பிள்ளை அதே பல்கலைக்கழகத்தில் உயரம் பாயச் சென்றால், 1950களில் அமெச்சூர் விதி நின்ற இடத்தில் விசாச் சட்டம் நிற்கக் காணும். காவலாளி மாறினான், வாயில் திறக்கவில்லை.

ஆகவே கூலி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். அக்கூலியை யார் நிர்ணயிப்பது என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. வியாபாரியும் செல்வந்தப் பழைய மாணவனும் நிர்ணயித்தால் அது தயவாகவே இருக்கும். தயவு காட்டுபவனுக்குப் பிடித்த இடத்துக்கே அது செல்லும். உழைப்பாளர் கூடிப் பேசிப் பெற்றால்தான் அது உரிமையாகும். சிலர் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2014இல் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்து உதைபந்தாட்ட வீரர்கள் தொழிற்சங்க உரிமை கோரினர். அடுத்த ஆண்டு தொழிலுறவுச் சபை அவ்விடயத்தைத் தீர்க்க மறுத்தது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட வீரர்கள் 13க்கு 2 என்ற வாக்குகளால் தொழிற்சங்கத்தில் இணையத் தீர்மானித்தனர். சூழ்நிலை பாதகமானபோது, அவ்வாண்டின் இறுதி நாளில், மனுவை மீளப்பெற்றுக்கொண்டனர். தோல்விதான். ஆனால் எட்டுமணி நேர வேலைக்கான வேலைநிறுத்தங்கள் பலவும் தோல்வியில்தான் முடிந்தன.

*

'இவை அமெரிக்கக் கதைகள், நமக்கு என்ன?' என்று கேட்கலாம். நம் நாட்டுப் பாடசாலைப் பெரும் போட்டிகளின் பதாகைகளைப் பாருங்கள். தொலைபேசி நிறுவனங்களின் பெயர்கள், பான நிறுவனங்களின் பெயர்கள். அனுசரணையாளர் வந்துவிட்டார், ஒளிபரப்பும் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் மாத்திரம் இன்னும் 1957இல் இருக்கிறார்கள். கிராமத்துப் பாடசாலையில் முளைவிடும் திறமையைப் பெரிய பாடசாலைகள் அழைத்துக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல. காலிக்கு அருகே ரத்கமையின் கடலோரத்தில் வளர்ந்த லசித் மாலிங்க, திறமை கண்டறியப்பட்டபின், வித்தியாலோக கல்லூரியிலிருந்து மகிந்த கல்லூரிக்குச் சென்றார். அதனால் அவருக்கு வழி பிறந்தது. நாடும் ஒரு பெரும் பந்துவீச்சாளரைப் பெற்றது. அவ்வழியை அடைக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் பிள்ளை சென்றபின் அவனை முதலில் ஓடவிட்ட மைதானம் என்னாயிற்று?

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையிலான இந்தக் கரையில், முஸ்லிம் ஊரிலும் தமிழ் ஊரிலும், மாலையானால் கடற்கரை மணலே மைதானம். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் சட்டை முதுகில் ஊர்க் கடையொன்றின் பெயர் இருக்கும். கடைக்காரர் அன்போடு கொடுத்த சட்டைதான் அது. அதில் குறைகாண நான் வரவில்லை. ஆயினும் நாளை பெரிய நிறுவனம் வரும்போது, வயது நிரம்பாத பிள்ளையின் படத்தை யாருடைய சம்மதத்தோடு எடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாடசாலைப் போட்டிகளினால் வரும் அனுசரணைப் பணத்தில் ஒரு பங்கு களத்தில் ஆடும் பிள்ளைக்கும், ஒரு பங்கு வலயத்தின் எல்லாப் பாடசாலைகளுக்கும் உரிய பொது நிதிக்கும் செல்லவேண்டும் என்று நம் ஆசிரியர் சங்கங்கள் கோரலாம். காயமடைந்த பிள்ளையின் வைத்தியச் செலவு அப்பிள்ளையின் தகப்பனுடைய நாட்கூலியிலிருந்து போகக்கூடாது என்பதையாவது கோரலாம். 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தவர்கள், கற்கும் வாய்ப்பு பணமுள்ளவன் வீட்டுச் சொத்தாக இருக்கலாகாது என்று கண்டார்கள். அந்த நியாயம் வகுப்பறை வாசலோடு நின்றுவிட வேண்டுமா? மைதானமும் பாடசாலையின் ஒரு பகுதிதான்.

தவணை மீண்டும் தொடங்கியபோது அம்மாணவனை அழைத்து என் விடையைச் சொன்னேன். "காசு குடுக்காத காலத்திலயும் காசுள்ள பள்ளிக்கூடந்தான் வெண்டது தம்பி. அப்ப ஆடினவனுக்கு ஒண்டும் கிடைக்கல்ல. இப்ப ஆடுறவனுக்குக் கொஞ்சம் கிடைக்குது. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஆடுறதுக்கு இடம் கிடைக்கிறது இனித்தான் நடக்கவேணும்" என்றேன்.

அவன் சற்று நின்று, "அது எப்படி சேர் நடக்கும்?" என்று கேட்டான்.

இம்முறை மணி அடிக்கவில்லை. இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.